பை கட்டிய அரசாணிப் பூ

இன்று காலை பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ்ஸில் நாமக்கல்லிலிருந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தேனீ தொடாவிட்டால் அரசாணி, அதாவது பரங்கி, காய்க்காது என்று காட்டத்தான், பூ விரிவதற்கு முதல் நாள் மாலையே பெண் மொட்டுகளுக்குத் துணிப்பை கட்டுகிறோம். பை கட்டியவை காய்க்காது என்று எங்கள் விவசாய இலாகா துரைக்கு முன்கூட்டியே எழுதியும் போட்டாயிற்று.

பார்த்தால், பைக்குள் எல்லாம் பிஞ்சு!

தோட்டத்துக்கார அம்மாளிடம் கேட்டேன். "ஏனுங்கம்மா, பையை யாராச்சும் அவுத்தாங்களா?"

"நாந்தானுங்க சாமி. விடியக்காலம் தேனீ வந்து பையில முட்டிக்கிட்டே இருக்குதுங்க. பாவமா இருந்துச்சு. நீங்க வாரதுக்குள்ள மறுக்காக் கட்டிப் போடுவனுங்க."

எங்களைவிட நேர்த்தியாகவே கட்டியிருந்தார்.

"முத்துனதும் தொரைக்கு ஒரு காய் குடுத்துடுங்க" என்றார்.

காய்க்காது என்று யாருக்கு எழுதினோமோ, அவருக்கே காயை எப்படிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.