சாமை டிரம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. 1999 ஐப்பசி மாதம், கொல்லிமலை வாழவந்தி நாட்டில், செங்கோடன் வீட்டுச் சமையல்கட்டில். அதுவும் பட்டப்பகலில்.

செங்கோடன் மனைவி அம்சவேணிக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இதையாவது நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

சாமை மூட்டையை எலி கடிக்கிறதென்று அவள் புலம்பினாள். செங்கோடன் அடிவாரத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து தவிடு கொட்டி வைக்கும் பழைய தகர டிரம் ஒன்றை வாங்கி வந்தான். இடுப்பு உயரம். கீல் வைத்த மூடி. விட்டால் கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். உள்ளே வைக்கோலைக் கொளுத்திப் பழைய வாடையைப் போக்கினான். சாம்பல் போட்டுத் துருவைத் தேய்த்தான். டிரம்மைக் கல்மேல் ஏற்றி, அடிப்பக்கம் கையகல ஓட்டை வெட்டி, தகரத்தில் தள்ளுகதவு வைத்தான்.

"மாசமா இருக்கறவ மூடியத் தூக்கிட்டுக் கெடக்க வேண்டாம் பாரு."

தானியத்தில் கை விடுமுன் தட்டுவது அம்சவேணியின் பழக்கம். தேள், பூரான் இருந்தால் விலகிப்போகும். மறுநாள் காலை 6.10. மூன்று முறை தட்டினாள்.

டொக்... டொக்... டொக்...

உள்ளேயிருந்து மூன்று.

சாமை நிறைந்த டிரம். 'பொத்'தென்றுதான் கேட்க வேண்டும். இது காலி டிரம்மின் சத்தம்.

"மாமா, உள்ள என்னமோ தட்டுதுங்க."

"எலியா இருக்கும்."

"எலி எண்ணித் தட்டுமாக்கும்?"

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டினான்.

உள்ளே இரண்டு.

சிரிப்பு நின்றது.

சாமையையெல்லாம் கொட்டிப் பார்த்தார்கள். பூரான்கூட இல்லை. மத்தியானம் 2.25. வெளியே மழை. வெறும் டிரம். அம்சவேணி மெல்லத் தட்டினாள்.

பதில் வந்தது. கீழேயிருந்து... சின்னக் கை எட்டும் உயரத்திலிருந்து.

"யாரு சாமி உள்ள?"

பேச்சில்லை. தட்டு மட்டும்தான்.

பக்கத்து வீட்டு மாதம்மாள் வாசலைத் தாண்டவில்லை. "வயித்துப் புள்ளைக்கு ஆகாது புள்ள. பள்ளத்துல உருட்டிவிடச் சொல்லு."

செங்கோடன் கயிற்றை எடுத்தான். அம்சவேணி குறுக்கே நின்றாள்.

"உள்ள இருக்கறது ஒரு சின்னப் புள்ள மாமா. ஒரு புள்ளையத் தள்ளிட்டு இன்னொரு புள்ளையப் பெத்துக்கறதா?"

மறுநாள் அவன் இரும்புக் கடையில் போய் விசாரித்து, டிரம் வந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பினான். அதற்கு அடுத்த நாள் 11.40 பஸ்ஸில் ஒருத்தி வந்து இறங்கினாள். பெயர் பெருமாயி. அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவள். அவள் வீட்டு டிரம்தான் அது. அவளுக்குத் தெரியாமல் புருஷன் விற்றிருந்தான்.

டிரம்மைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல் அந்த ஓட்டைக்குள் போனது.

"இத்தனூண்டு ஓட்டை அன்னிக்கு இருந்திருந்தா..."

மகனுக்கு அப்போது நாலு வயது. ஒளிந்து விளையாட உள்ளே இறங்கியிருக்கிறான். கொண்டி விழுந்துவிட்டது.

"அவன் தட்டுனானோ என்னமோ, களத்துல கதிரடிக்கற மிசினு ஓடிட்டிருந்துச்சு. தேடறப்ப நானும் இந்த மூடியத் தட்டினேன் கண்ணு. 'சாமி, உள்ளயா இருக்கறே'ன்னு கேட்டேன். சத்தமே இல்லை. கெணத்துல உழுந்துட்டானோன்னு அங்க ஓடிட்டேன்."

அம்சவேணி அவள் கையைப் பிடித்து டிரம்மின்மேல் வைத்தாள்.

"இப்பத் தட்டுங்கக்கா."

பெருமாயி ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

டொக்... டொக்... டொக்... டொக்...

நிற்கவில்லை.

மூடி அதிர்ந்தது.

"அக்கா... அன்னிக்கு மட்டும் ஏனுங்க பதில் சொல்லலே?"

பெருமாயி தகரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"பொறந்ததுலிருந்தே அவனுக்குக் காது கேக்காது கண்ணு... இப்பத்தான் கேக்குது."