அண்ணி பாதியில் விட்ட பாட்டு

போன வாரம் திருப்பதி மார்க்கெட்டில் மழைக்காக ஒரு முட்டைக் கடை முன்னால் ஒதுங்கினேன். காலி முட்டை அட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். சாரலில் நனைந்த அந்த அட்டையின் வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக இறுக மூடிக்கொண்டது. கடைக்காரர் "ஏம் காவாலம்மா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் முதல் சிடியைப் பதிவு செய்த ஸ்டுடியோவில் சுவர் முழுக்க முட்டை அட்டைதான். ரயில் பாதையை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரே அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அட்டை ஒட்டியிருப்பதாக அண்ணன் பெரிய விவரஸ்தன் மாதிரி விளக்கினான். வராமலாவது! ரயில் போனால் தரையே அதிரும். அது போய்த் தொலையும்வரை பாட்டை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியும் கிடையாது. அட்டையும் வியர்வையும் சேர்ந்து ஒரு புழுங்கல் நாற்றம்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் பம்பை அடிப்பான். அண்ணி கலாவதி பாடுவாள். நான் பின்பாட்டு. அண்ணி பாடிய வரியைத் திருப்பிப் பாடி அவளுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதுதான் என் கலைச்சேவை. போஸ்டரில் என் பெயரை 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களுக்குள் நீங்களாகத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணி ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஆந்திரா பக்கம் சத்தியவேட்டில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் அது வேறு மாநிலம். தினமும் வாசலைக் கடந்து போகும் சென்னை பஸ்ஸைப் பார்த்துப் பார்த்து, துணி துவைத்துக்கொண்டே அவளாகக் கட்டிய பாட்டுதான் இது:

"எல்ல தாண்டிப் போற பஸ்ஸு
எங்கம்மா ஊர்ல நிக்குமா..."

அந்த 'நிக்குமா'வை அவள் நீட்டும்போது மேடைக்கு முன்னால் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள்கூட நின்றுவிடும். ஒரு கோயில் ஜாத்திரையில் அதைக் கேட்ட சித்தூர் சிடி கம்பெனிக்காரர் ஒருவர், தானே வெளியிடுவதாகச் சொன்னார். உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் எந்த ஊர் விழாக் கமிட்டியும் கேட்கும் முதல் கேள்வி, "சிடி வந்துகீதா?" என்பதுதான். வரவில்லை என்றால் கூட்டம் சேருவதற்கு முன்னால், மைக்செட்காரர் வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பாடிவிட்டு இறங்க வேண்டும். நாங்கள் அப்படி எத்தனையோ காலி நாற்காலிகளுக்குப் பாடியிருக்கிறோம்.

ஜாத்திரைக் காலம் நெருங்கியதால் ஸ்டுடியோ எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. அண்ணிக்கு நிறைமாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால் கிளம்பிவிட்டோம். அண்ணனும் பம்பையும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். அண்ணியும் நானும் ஒரே மைக்குக்கு இந்தப் பக்கம்.

மதியச் சாப்பாட்டை அண்ணி தொடவில்லை. "பாடிட்டு துன்றேன்" என்றாள். அடுத்த பாட்டின் நடுவில் என் கையைப் பிடித்தாள். சும்மா பிடிக்கிறாள் என்று நினைத்தேன். பிடி இறுகிக்கொண்டே போய் என் வளையல் உடைந்தது. குரலில் மட்டும் ஒரு பிசிறு இல்லை. பாட்டு முடிந்ததும் அவள் காதருகே குனிந்தேன்.

"வலிக்குதா அண்ணி?"

"வாய மூடு பாப்பா. இன்னும் ஒரு பாட்டுதான். உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாரு."

கடைசிப் பாட்டு அந்த பஸ் பாட்டு. சவுண்டு இன்ஜினியர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். "ஸ்டார்ட் சேத்தாமா அம்மா?" என்று ஸ்பீக்கரில் கேட்டார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது முடிவதற்குள் அண்ணிக்கு இரண்டு முறை வலி வந்து போனது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் அவள் துடைக்கவில்லை. அவள் ஒரு கை என்னிடம், மறு கை மைக் கம்பியில். கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் ஒன்றும் தெரியாமல் பம்பையைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரயில் ஓய்ந்தது. பாட்டு தொடங்கியது. முதல் சரணம் தாண்டி, இரண்டாவது தடவையாக அந்த 'நிக்குமா'வுக்கு ஏறும்போது என் கால் விரல்களில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. குனிந்தேன். விரிப்பு நனைந்துகொண்டிருந்தது. அண்ணி பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று.

நான் மைக்கைக் கையால் பொத்தினேன். "நிறுத்துங்க! அண்ணா, பனிக்குடம் ஒடஞ்சிப்போச்சி!"

ஆட்டோவில் ஏறியதும் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏன்டி சொன்ன?" அதுவரை அவள் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நர்ஸம்மா அண்ணனையும் என்னையும் நிற்க வைத்துத் திட்டினார். அவசரமாகக் கத்தி வைத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அது அழுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் சுவரில் தலையைச் சாய்த்து நின்றதை என்னால் மறக்க முடியாது.

கம்பெனிக்காரர் காத்திருக்கவில்லை. மறுநாளே யாருடைய ஸ்டுடியோ நேரத்தையோ கேட்டு வாங்கி, வேறொரு பெண்ணை அழைத்து வந்து அந்தப் பாட்டை முழுசாகப் பாட வைத்துவிட்டார். சிடி அட்டையில் அண்ணியின் படம், அண்ணியின் பெயர். அந்த ஒரு பாட்டில் மட்டும் வேறு குரல். ஓடியது அந்தப் பாட்டுதான். ஆட்டோ, டீக்கடை, கல்யாண வீடு, எங்கும் அதுதான். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அண்ணி முதன்முதலாக அதைக் கேட்டாள். கடைசி வரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடிக்கீறா" என்றாள். ஜன்னலைச் சாத்தினாள்.

மேடைகள் வரத் தொடங்கின. குழந்தை என் மடியில் தூங்க, நகரிப் பக்கத்தில் ஒரு கங்கையம்மன் ஜாத்திரையில் அண்ணி அந்தப் பாட்டை எடுத்தாள். இரண்டு வரி போயிருக்காது. கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான். "சிடில கீற மாதிரி பாடும்மா! இது யாரோ வேற மாதிரி இருக்குது!" நாலைந்து பேர் விசிலடித்தார்கள். கமிட்டித் தலைவர் மேடைப் படியில் கால் வைத்துவிட்டார். அண்ணனின் கை பம்பையில் அப்படியே நின்றது.

அண்ணி மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"சிடில பாடுனது வேற பொண்ணு. அன்னிக்கு நான் இந்தக் கொழந்தயப் பெத்துட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன். பாட்டு என்னுது. என் கொரல்ல கேக்க இஷ்டம்னா குந்துங்க. இல்லன்னா எறங்கிப் போறேன்."

விசில் நின்றது. அந்த அமைதி எனக்கு அந்தக் கூட்ஸ் வண்டியைவிட நீளமாக இருந்தது. அப்புறம் அவள் பம்பை இல்லாமல், பின்பாட்டு இல்லாமல் பாடினாள். கத்தியவன் பாதியில் உட்கார்ந்துவிட்டான். முடிந்ததும் இன்னொரு தடவை என்று கேட்டது அவன்தான்.

அதற்குப் பிறகு புத்தூர், ஏர்பேடு, குப்பம் பக்கம் குடுபல்லி என்று அண்ணியின் பெயரைக் கேட்டே கூப்பிட்டார்கள். இன்னும் சில சிடிக்களும் வந்தன. என் பெயரும் அட்டையின் பின்பக்கம், பூதக்கண்ணாடி உள்ளவர்களுக்குத் தெரியும்படி வந்தது. அந்தப் பாட்டை மட்டும் தன் குரலில் பதிவு செய்ய அண்ணி ஒவ்வொரு முறையும் கேட்டாள். "அதி ஆல்ரெடி ஹிட் கதா, மள்ளி எந்துகம்மா?" மறுபடி எதற்கு என்று கம்பெனிக்காரர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போனது. பாட்டைப் பிடித்துவைக்கும் போன் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான்.

இன்று சிடிக் கடைகள் இல்லை. மிஞ்சிய சிடிக்களை வேர்க்கடலை நிலத்தில் பறவை விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரரும் இல்லை. அண்ணி இருக்கிறாள். காற்று மாதிரி ஒரு குரலில் மகளோடு சண்டை போடுகிறாள், மார்க்கெட்டில் பேரம் பேசுகிறாள், சிரிக்கிறாள். பாட்டும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போனில் தட்டிக் கேட்கலாம், அந்த இன்னொரு பெண்ணின் குரலில்.

சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு அண்ணியை மனசுக்குள் பாட வைத்துப் பார்க்கிறேன். அவளுக்குப் பக்கத்திலேயே நின்று அத்தனை வருஷம் கேட்டவள் நான். முதல் வரி அவள் குரலில்தான் வருகிறது. 'நிக்குமா'வுக்கு ஏறும்போது அந்தப் பெண் வந்துவிடுகிறாள்.