பூனைக்கு அடுத்து மல்லி

இரண்டு வயது மகளை இன்று வாசிப்பு வகுப்பில் சேர்த்தோம். இந்த வயதில் விட்டால் பிறகு பிடிக்கவே முடியாதாம். எங்கள் ஊர் மாங்காடு முழுக்க அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். 

வகுப்பில் இரண்டு குழந்தைகள் அழுதார்கள். ஒருவன் யானைப் படம் போட்ட அட்டையைத் தின்றுகொண்டிருந்தான். டீச்சர் அதற்கும், “புக்ஸோட நல்லா பழகுறான்” என்றார்.

பிறகு பூனை அட்டையை என் மகளிடம் காட்டினார். “இது என்ன செல்லம்? பூ... ன...”

மகள் சட்டென்று முடித்தாள். “மல்லி. பூனமல்லி. ஏறு, ஏறு.”

எங்கள் பால்கனிக்குக் கீழேதான் பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோக்கள், “பூனமல்லி, ஏறு, ஏறு” என்ற கூவலோடு நிற்கும். அவற்றைக் காட்டித்தான் மூன்று வேளையும் சோறு ஊட்டுகிறோம்.

அழுத இரண்டும் அழுகையை நிறுத்திவிட்டு, “ஏறு, ஏறு” என்றன. அட்டை தின்றவன்கூட நிமிர்ந்து பார்த்தான். டீச்சர் மட்டும் என்னிடம், “பாப்பாவுக்குக் கவனம் சிதறுது சார்” என்றார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஆட்டோக்காரர், “பூனமல்லி, பூனமல்லி” என்று கூவிக்கொண்டிருந்தார். மகள் அவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

“பூனை.”

“இன்னா பாப்பா, பூனையா? எங்க கீது?” என்று அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஏற வந்த இருவரும் குனிந்தார்கள். என்னையும் அறியாமல் நானும் குனிந்தேன்.

நான்கு பெரியவர்கள் கவனம் சிதறாமல் பூனை தேடினோம். நாளைக்கு வகுப்புக்கு யாரை அனுப்பலாம், நீங்களே சொல்லுங்கள்.