எருதுக்கு வெந்த கொள்ளு

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நேற்று என்ன சாப்பிட்டாள்? யோசிக்காமல் சொல்லுங்கள், பார்ப்போம். எருதுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டால், பருத்திக்கொட்டை இவ்வளவு, தவிடு இவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். உங்களுக்குச் சோறு போட்டவள் என்ன தின்றாள் என்றால் விழிக்கிறீர்கள். திருமூர்த்தியும் அப்படித்தான் விழித்தான். அவன் கெட்டவனல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அவன் மனைவி பழனாத்தாள். காங்கேயத்துக்கு வடக்கே, மழையை நம்பி விதைக்கிற காட்டுப் பூமியில், எருது வளர்ப்பதில் பேர் போன வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய முதல் பிள்ளை பிறந்து, சத்தமில்லாமலே போய்விட்டது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியபோது அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: இதுவாவது அழ வேண்டும்.

அந்த வருஷத்து ஐப்பசியில்தான் வீடு சைவமானது. திருமூர்த்தியின் தங்கை ராசாத்தாளுக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நூல் மில்லில் பங்கு. வீடு முழுக்க மின்சார விளக்கு. திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். புலால் வாடையே ஆகாது. பெண் பார்க்க வந்த அம்மாள் அடுக்களையை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கவுச்சி புழங்கற ஊடுங்களா?" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். திருமூர்த்தியின் தாய் சென்னியம்மாள் மறுநாளே கறிச்சட்டியை வேலியோரம் கொண்டுபோய் உடைத்தாள். கோழிகள் சந்தைக்குப் போயின. தை மாதம் கல்யாணமும் முடிந்தது.

புலாலை விட்டது குற்றமா? இல்லவே இல்லை. ஓர் உயிரைக் கொல்ல மனம் வராமல் விடுகிறவனை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் சென்னியம்மாளுக்கு ஆட்டின் மேல் இரக்கம் பிறக்கவில்லை. சம்பந்தியின் மேல் பயம் பிறந்தது. பயத்தில் ஒன்றை விடுகிறவர்கள் அதற்குப் பதிலாக எதைப் பிடித்துக்கொள்வது என்று யோசிப்பதில்லை. கையில் இருக்கிற மற்றதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

கறியோடு களியும் போயிற்று. "களி கிண்டற ஊடுன்னு நாளைக்கு அவிய வாய்விட்டுச் சிரிப்பாங்க," என்றாள் சென்னியம்மாள். ராகியும் கம்பும் பண்ணையத்து ஆட்களுக்கென்று ஒதுங்கின. ஈரோட்டு மில்லில் தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வாசல் முருங்கை, கல்யாணப் பந்தலுக்கு இடைஞ்சல் என்று வெட்டுப்பட்டது. எருமைப் பால் நெய்யாக உருகிக் கோயமுத்தூர் சம்பந்தி வீட்டுக்குப் போயிற்று. பசுவின் பாலை அந்தப் பக்கத்தில் வீட்டுக்கென்று கறப்பதில்லை. காளைக்கன்று நன்றாக எழ வேண்டுமென்று கன்றுக்கே விட்டுவிடுவார்கள். கொள்ளு எப்போதும் எருதுக்கு.

மிஞ்சியது வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், ஊறுகாய். ஆண்களுக்குப் பருப்பும் தயிரும் உண்டு. எல்லோரும் கை கழுவிய பிறகு சட்டியின் அடியில் இருப்பது மருமகளுக்கு. அதையும் அவள் வயிறு நிறையத் தின்றுவிடக் கூடாது. தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு சிக்கலாகும் என்று ஒரு சாஸ்திரம். அதை எந்த மடையன் சொன்னானோ, அவன் பிள்ளை பெற்றிருக்க மாட்டான் என்பது மட்டும் நிச்சயம். முன்பாவது கிடாய் வெட்டுகிற நாளில் ரத்தப் பொரியலும் ஒரு துண்டு ஈரலும் அவள் பங்குக்கு வந்துகொண்டிருந்தன. இப்போது அதுவும் இல்லை.

மாசி, பங்குனி போவதற்குள் பழனாத்தாளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. குடத்தை இடுப்பில் வைத்தால் கண் இருட்டியது. ஆள் இல்லாத நேரத்தில் சுவரின் செம்மண் காரையைச் சுரண்டித் தின்றாள். "மசக்கை," என்று சிரித்தாள் சென்னியம்மாள். ரத்தம் வற்றிய உடம்பு மண்ணைத் தேடுகிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

கட்டுத்தரையில், சாம்பல் ஓடிய வெள்ளை நிறத்தில், இரண்டு மயிலை எருதுகள் நின்றன. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போக வேண்டிய ஜோடி. விடிந்ததும் அவற்றுக்குக் கொள்ளு வேகவைப்பதும் பருத்திக்கொட்டை ஆட்டுவதும் பழனாத்தாளின் வேலை. திருமூர்த்தி தினமும் வந்து எருதின் நாக்கைப் பார்ப்பான். பிறகு கட்டைவிரலால் அதன் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்ப்பான். எருது வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தால் மாட்டுக்கு ரத்தம் இல்லை.

"இங்க பாரு அம்மணி," என்று அவளைக் கூப்பிட்டே காட்டுவான். "செம்பருத்திப் பூவாட்ட இருக்குது. அந்தியூர்ல இதுக கால் வெக்கட்டும், சந்தையே திரும்பிப் பாக்கும்."

"ஆமாங்க," என்பாள் அவள், சட்டியோடு தூணில் சாய்ந்தபடி. அவள் சாய்ந்து நிற்பதை அவன் பார்த்ததில்லை.

வைகாசியில் ஒரு நாள் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். திருமூர்த்தி பதறிப்போய் அந்த மயிலைகளையே வண்டியில் பூட்டி ஈரோட்டுக்கு ஓட்டினான். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாள் அங்கே இருந்தார். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அவன் வெளியே எருதுகளோடு நின்றான். சென்னியம்மாள்தான் உடன் போனாள்.

டாக்டரம்மாள் பழனாத்தாளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இதைப் பாருங்கம்மா, சலவை வேட்டி மாதிரி இருக்கு. இந்தப் பொண்ணுக்கு உடம்புல ரத்தமே இல்லை. பிரசவத்துல கொஞ்சம் போனாக்கூடத் தாங்க மாட்டா. முட்டை, ஈரல் ஏதாவது கொடுக்கறீங்களா?"

"சிவசிவா! நாங்க சைவமுங்க."

"சரி, சைவமாவே இருங்க. சைவத்துக்கு ரத்தம் வேண்டாம்னு யார் சொன்னது? தினம் ஒரு வேளை ராகிக் களி கொடுங்க. கொள்ளை முளை கட்டி, வேகவெச்சு, வயிறாரக் கொடுங்க. முருங்கைக்கீரையோ காட்டுக்கீரையோ, மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுங்க. எள்ளையும் வெல்லத்தையும் இடிச்சு உருண்டை பிடிங்க. கடலைக்காய் கொடுங்க. காலையும் மாலையும் பால். தீட்டின அரிசியை விட்டுட்டுக் கைக்குத்தல் அரிசி ஆக்குங்க. இதுல எது உங்க தோட்டத்துல இல்லை?"

பழனாத்தாள் ஒவ்வொன்றையும் மனசுக்குள் முடிந்துகொண்டாள். எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது! பிள்ளை பிழைத்துவிடும் என்று அவளுக்குக் கண் கலங்கியது. சென்னியம்மாளுக்கோ முகம் கறுத்தது. ஆட்களுக்கும் மாட்டுக்கும் வைப்பதை நம் மருமகளுக்கு வைக்கச் சொல்கிறாளே, நம்மை என்ன வக்கில்லாதவர்கள் என்று நினைத்தாளா?

வண்டி திரும்பும்போது திருமூர்த்தி கேட்டான்: "ஏனாத்தா, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்றா! முட்டை குடு, ஈரல் குடுங்கறா."

"அதைத்தான் உட்டுப்போட்டமே."

"அதத்தான் நானும் சொல்லிப்போட்டேன். கோயமுத்தூருக்குத் தெரிஞ்சா ராசாத்தாளைக் கொண்டாந்து வாசல்ல உட்டுருவாங்க."

"அது மட்டுமில்லீங்க," என்று பின்னாலிருந்து பழனாத்தாள் தலையைத் தூக்கினாள். "கொள்ளு..."

"நீ பேசாம படு கண்ணு, மூச்சு வாங்குது," என்றாள் சென்னியம்மாள்.

அதோடு முடிந்தது. டாக்டரம்மாள் கொடுத்த மருந்தில் ஈரல் சாறு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சென்னியம்மாள் அதை வேலியில் ஊற்றிவிட்டாள். தனியாக இருக்கும்போது புருஷனிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எனக்குத் தின்ன இது வேண்டும் என்று ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டால், பெற்றவள் வளர்த்த லட்சணம் அது என்று ஏசுகிற வழக்கத்தை வைத்திருப்பது யார்? நாம்தானே?

கட்டுத்தரையில் சாணி அள்ள மாரியாத்தாள் வருவாள். ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்ட சனம். ஒரு நாள் அவள் மரத்தடியில் உட்கார்ந்து களியும் கீரைக் கடைசலும் தின்றுகொண்டிருந்தாள். பழனாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங் சாமி, ஒரு உருண்டை திங்கறீங்களா?" என்று மாரியாத்தாள் விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டவளுக்கு, எதிரே நிற்பவளின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

பழனாத்தாளின் கை நீண்டது. பாதி தூரம் போய் நின்றது. பசியை விடப் பெரியதாக ஒன்றை அவளுக்குள் ஊட்டி வளர்த்திருந்தார்கள். கை திரும்பிவிட்டது. இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அந்தக் கையைத் திருப்பிய பாவம் அவளுடையதல்ல. சாதியை வகுத்தவனுடையது, அதை இன்னும் கட்டிக் காக்கிறவனுடையது.

மறுநாள் காலையில், எருதுக்கு வெந்த கொள்ளில் ஒரு கைப்பிடியை எடுத்து வாயில் போட்டாள். மறுநாளும். எருது கொம்பை ஆட்டிக்கொண்டு பார்த்தது; ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சநாளில் மூச்சு வாங்குவது சற்றுக் குறைந்தது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

ஆனி பிறந்தபோது அகப்பட்டுக்கொண்டாள். உதட்டில் கொள்ளுத் தோல் ஒட்டியிருந்தது.

"அடியே! எருதுக்கு வெச்சதைத் திங்கறயே, கன்னுக்குட்டியா போடப்போறே?" என்று சென்னியம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா, மருமவளைக் கட்டுத்தரையில கட்டித் தீனி போடறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

திருமூர்த்தி ஓடி வந்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டான்: "ஏன் அம்மணி, ஊட்டுல சோறு இல்லையா?"

"இருக்குதுங்க," என்றாள் அவள்.

வேறு என்ன சொல்வாள்? சோறு இருந்தது. சோறு மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து கொள்ளு வேகவைக்கிற வேலை சென்னியம்மாள் கைக்கு மாறியது.

ஆடியில் ஊரே அந்தியூருக்குக் கிளம்பியது. நல்ல எருது வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஓட்டிக்கொண்டு போனார்கள். திருமூர்த்தியும் மயிலைகளின் கொம்புக்கு எண்ணெய் தடவி, புதுச் சலங்கை கட்டி அழைத்துப் போனான். சந்தையில் ஒரு பெரியவர் எருதின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். "ரத்தம்னா இதுங்க ரத்தம். வளத்த கை யாரு கைங்க?"

"என்ற ஊட்டுக்காரி கைங்க," என்றான் திருமூர்த்தி, நெஞ்சு நிமிர.

அந்த நேரத்தில் அவன் ஊட்டுக்காரி பாயில் கிடந்தாள். நாள் தள்ளி வர வேண்டிய வலி முன்னாலேயே வந்துவிட்டது. மருத்துவச்சி பிள்ளையை எடுத்தாள். பூனைக்குட்டி அளவில் ஒரு பெண். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மெலிசாக அழுதது.

"அழுவுதுங்களா அத்தை?"

"அழுவுது கண்ணு, அழுவுது," என்றாள் சென்னியம்மாள்.

பழனாத்தாள் சிரித்தாள். அதற்குள் பாய் நனைந்துவிட்டது. வேறு ஒருத்திக்கு என்றால் அது சாதாரணமாகப் போகிற ரத்தம்தான். இவளிடம் போக ஏது? மருத்துவச்சி, "ஈரோட்டுக்குக் கொண்டுபோங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள். சென்னியம்மாள் வாசலுக்கு ஓடினாள். வண்டி இருந்தது, மூக்கணையைத் தரையில் ஊன்றிக்கொண்டு. பூட்ட எருது இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. எல்லாம் அந்தியூரில் சலங்கையோடு நின்றன.

சென்னியம்மாள் திரும்பி ஓடி வந்தாள். கன்றுகளுக்கென்று அடுப்பில் வெந்துகொண்டிருந்த கொள்ளை இறுத்து, அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் வைத்தாள். "குடி கண்ணு. குடிச்சுப்போடு சாமி. ஒருவாய் குடி." அது கடைவாயில் வழிந்தது.

எருதை விற்றவன் தலைக்கயிற்றை மட்டும் கொண்டு வருவது வழக்கம். திருமூர்த்தி அந்தக் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அழவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வாழ்நாளெல்லாம் பழகிய கை தானாக நீண்டு, கட்டைவிரலால் அவள் கீழ் இமையை இழுத்தது. வெளுப்பு. அவன் தொழிலில் பார்த்திராத வெளுப்பு. உயிர் போன பிறகு வந்த வெளுப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் தூணில் சாய்ந்து நின்ற காலைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

தாயின் பக்கம் திரும்பிக் கேட்டான்: "ஆத்தா, அந்த டாக்டரம்மா வேற எதாச்சும் சொன்னாங்களா?"

சென்னியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ராகி குடுக்கச் சொன்னாங்க. கீரை... பால்..." நிறுத்தினாள். "கொள்ளு குடுக்கச் சொன்னாங்க."

பிள்ளை பிழைத்தது. எருமைப் பால் அதற்குப் பிறகு நெய்யாகிக் கோயமுத்தூருக்குப் போகவில்லை. சம்பந்தி வீட்டார் துக்கம் விசாரிக்க வந்து, விதி என்றார்கள். விதியாம்! பானையில் இருந்ததைக் கொடுக்காமல் கொன்றுவிட்டு அதற்கு விதி என்று பேர் வைக்கிறோம். வந்தவர்களுக்கு நெய் ஊற்றிச் சைவச் சாப்பாடு போட்டார்கள். பெண்கள் கடைசியாக உண்டார்கள்.

சைவமாக இருக்கிறவர்களே, தாராளமாக இருங்கள். ஆனால் இன்றைக்கு உங்கள் தட்டின் முன் உட்காரும்முன், உங்களுக்குச் சோறு போட வருகிறவளை ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். எருதுக்குச் செய்வதைப் போல அவள் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் எழுந்து நில்லுங்கள். அந்த இடத்தில் அவளை உட்காரவைத்து, களியும் கீரையும் கொள்ளும் பாலும் உங்கள் கையால் முதலில் அவளுக்குப் போடுங்கள். அவள் வயிறு நிறைந்த பிறகு நீங்கள் சாப்பிடுங்கள்.