மாமியாருக்காக ஒரு எடை

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்யாணம் இல்லை. ஆனாலும் வாசல் முழுக்கச் செருப்பு, உள்ளே முழுக்க அழுகை!

மாதர் சங்கத்தார் 'தாய்ப்பால் திருவிழா' நடத்தினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தைகளுக்குக் கொழுகொழுப் போட்டி. பத்திரிகையில் எழுதுகிறவள், நியாயம் தெரிந்திருக்கும் என்று நம்பி, திண்டிவனத்திலிருந்து என்னை நடுவராக வரவழைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. தீர்ப்புக் கொடுத்த அனுபவம்...?

மேடையில் நாலு ஆண்கள் வரிசையாகத் தாய்ப்பாலின் பெருமையைப் பேசினார்கள். கேட்க வேண்டிய அம்மாக்களோ மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. பிள்ளைக்குப் பசித்தால் வேறென்ன செய்வது?

பிறகு எடை போடும் படலம். மேஜை மேல் தட்டுத் தராசு, பக்கத்தில் ஒரு நர்ஸம்மா. வயசுக்கு ஏற்ற எடை இருந்தால் மார்க்.

கண்டமங்கலத்திலிருந்து வசந்தா என்ற பெண் வந்திருந்தாள். தலைச்சன் பிள்ளை, நாலு மாதப் பெண் குழந்தை. கூடவே மாமியார் பூங்காவனத்தம்மாள், கையில் ஒயர் கூடை. குழந்தையைத் தட்டில் கிடத்தினார்கள். முள் அரை மனசோடு நகர்ந்து சீக்கிரமே நின்றுவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னா கேட்டியா? இவளுக்குப் பாலே இல்லீங்கம்மா. புள்ள அழுதுக்கினே கெடக்குது. டப்பா பாலு, பாட்டிலு எல்லாம் வாங்கியாந்துட்டேன்" என்றார் மாமியார், மண்டபத்துக்கே கேட்கும்படி. கூடையை வேறு திறந்து காட்டினார். டப்பா மேல் ஒரு கொழுத்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"பொறக்கும்போதே சின்னப் புள்ளம்மா. நல்லாத்தான் ஏறிக்கினு வருது" என்று நர்ஸம்மா சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

அந்தம்மாளைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். பேத்தி தேற வேண்டுமே என்ற தவிப்பு முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தவிப்பு வந்துவிட்டால் நாம் முதலில் பழி போடுவது யார் மேல்? மருமகள் மேல்தானே!

வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் நிறையத் தண்ணீர்.

"அக்கா, எனக்குப் பாலு இருக்குதுக்கா. எங்க அத்த நம்ப மாட்டேங்குறாங்க. இன்னிக்கு எடை கொறைஞ்சா நாளையிலேருந்து பாட்டில்தான்னு வூட்ல பேச்சு. பாட்டில் பழகிட்டா அப்புறம் எங்கிட்ட வருமா?"

பால் இருக்கிறது என்பதற்கு ரசீதா காட்ட முடியும்?

அதற்குள் ஹாலில் வேறொரு கலாட்டா. ஓமந்தூர்க்காரி ஒருத்தி எடைக்கு முன்னால் பையனுக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு வந்தாள் என்று செய்தி பரவிவிட்டது. எடை ஏறட்டும் என்று மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையில் தண்ணீர் தெளித்து மார்க்கெட் கமிட்டிக்கு ஓட்டிப்போகிற ஜனங்கள் அல்லவா நாம்... விடுவோமா? எடை போட்டு முடித்தவர்கள்கூட ஓரமாக உட்கார்ந்து, "ஜல்தி குடிடா கண்ணு" என்று கெஞ்சி, பால் கொடுத்து, மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். நாலு பேச்சாளர்களால் ஆகாதது ஒரு தராசால் ஆயிற்று — மண்டபம் முழுக்க நிஜமான தாய்ப்பால் திருவிழா!

சங்கத்தின் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "ஒரு தடவை எடை போட்ட குழந்தைக்கு மறுபடி கிடையாது. பேஜாரு பண்ணாம எல்லாரும் உக்காருங்க!"

அந்த நேரம் பார்த்து வசந்தா வந்து நிற்கிறாள். தோளில் குழந்தை, அதன் வாயோரம் பால்.

"என் புள்ளயையும் இன்னொரு தபா போடுங்கக்கா."

செயலாளர் முறைத்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"போட்டிக்கு வேண்டாம். மார்க்கும் வேண்டாம். மாமியாருக்காகப் போடுங்க" என்றேன். நடுவர் என்றால் சும்மாவா?

போட்டார்கள். முள் முதலில் நின்ற இடத்தைத் தாண்டி, இன்னும் இரண்டு கோடு தள்ளிப் போய் நின்றது.

பூங்காவனத்தம்மாள் குனிந்து பார்த்தார். "துணியோட போட்டிருப்பீங்க." துணி இல்லை, அரைஞாண் கயிறு ஒன்றுதான். "அப்ப தராசு கெட்டுப்போச்சா?" நர்ஸம்மா குழந்தையைத் தூக்கினார். முள் சமர்த்தாகப் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

"அப்ப இந்த எடை எங்கேருந்து வந்திச்சு?"

"எங்கேருந்து வரும்? உங்க மருமகள்கிட்டேருந்துதான்" என்றேன்.

அவர் வசந்தாவைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். கூடையை மூடினார். வசந்தா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று — சந்தோஷத்தில்தான்.

நம் வீடுகளில் பெற்றவள் சொன்னால் நம்ப மாட்டோம், முள் சொன்னால் நம்புவோம். போகட்டும்... யார் சொல்லியாவது நம்பினால் சரி.

முதல் பரிசு ஓமந்தூர்ப் பையனுக்குப் போனது. அன்றைக்குக் குடிக்காமல் வந்திருந்தாலும் அவன்தான் ஜெயித்திருப்பான், அப்படி ஒரு தொந்தி! எல்லாம் முடிந்து நர்ஸம்மா தராசை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பூங்காவனத்தம்மாள் ஓடி வந்தார்.

"நர்ஸம்மா, தராசக் கட்டாதீங்க! இன்னும் ஒரு பக்கத்துப் பாலு பாக்கி இருக்குது... குடிச்சிக்கினு இருக்குது, இதோ வந்துடும்!"