பின்னால் உட்கார்ந்தவன்

தங்கையின் லைசென்ஸ் விண்ணப்பத்தில் நைனா கையெழுத்துப் போட்டதைப் பார்த்த நிமிடம், இனி அவள் எதில் மோதினாலும் போலீஸ் அவரைத்தான் பிடித்து உள்ளே வைக்கும் என்று நான் முழுமனதாக நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பதினாறு வயதில் கியர் இல்லாத ஐம்பது சிசி வண்டி ஓட்டலாம், அதற்குப் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்பதுதான் விதி. சம்மதம் எதற்குக் கேட்கிறான், ஜாமீனுக்குத்தானே என்று நானாகவே முடிவுகட்டினேன். எனக்கு அப்போது பத்தொன்பது. மீன் ஏற்ற நைனா வாங்கிய மொபெட்டில் மூன்று வருடமாக லைசென்ஸ் இல்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். அதை நினைத்து மட்டும் ஒரு நாளும் பயம் வந்ததில்லை.

தங்கை பொன்னேரியில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். பழவேற்காட்டிலிருந்து கிளம்பும் காலை பஸ் நினைத்தால் வரும். வராத நாளெல்லாம் அவள் திரும்பி வந்து அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தாள். இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வந்து நேராக நைனாவின் மடியில் வைத்தாள்.

"காலைல வண்டி சும்மாதான் கீது. ரூலே எனுக்கு எடம் குடுக்குது. நீ குடுக்க மாட்டியா நைனா?"

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் வண்டி ஓட்டியதில்லை. நைனாவோடு வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். வந்ததும் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டினாள். டச்சுக்காரன் கல்லறைப் பக்கம் வட்டமடித்துப் பழகினாள். சொல்லித்தருபவர் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, அவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று எனக்குப் படித்தே காட்டினாள். நைனாவை ஜெயிலிலிருந்து காப்பாற்றும் பொறுப்பு எனக்கு இருந்ததால் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் பைபர் போட்டில் இன்ஜின் பின்பக்கம் இருக்கும். பின்னால் உட்கார்ந்தவன்தான் ஓட்டுபவன். அந்தப் புத்தியில் மொபெட்டையும் நான்தான் ஓட்டுவதாக எனக்கு எண்ணம். இன்னொன்று, போட் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் எடையைப் போடுவோம். யோசிக்காமலேயே உடம்பு அதைச் செய்துவிடும். காட்டூர் பிரியும் திருப்பத்தில் அவள் வண்டியை அழகாக இடது பக்கம் சாய்த்தாள். நான் என் மொத்த எடையையும் வலது பக்கம் போட்டேன். வண்டி திரும்ப மறுத்து நேராகப் போய் வாய்க்காலில் இறங்கியது. கரையில் ஒரு ஏட்டு நின்றுகொண்டு வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

யார் ஓட்டியது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், நான்தான் என்றேன். லைசென்ஸ் எங்கே என்றார். சேற்றைப் பார்த்தேன். தங்கை எழுந்து வந்து கவரைப் பிரித்தாள்.

"நான்தான் சார் ஓட்னேன். எல்.எல்.ஆர். கீது. இவரு ஏறக் கூடாதுனு சொன்னேன், கேக்கல."

ஸ்டேஷனுக்குப் போனோம். நைனா ஈர லுங்கியோடு வந்து நின்றார். அவருக்குப் பதிலாக என்னை உள்ளே வையுங்கள், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, உள்ளே போனால் வேளைக்குக் கஞ்சி கிடைக்காது என்று ஏட்டிடம் அழ ஆரம்பித்தேன். அவர் புரியாமல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நைனா பக்கம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார்.

"பொண்ணுக்கு எதுக்குய்யா வண்டி? சம்மதம் இல்லைனு எழுதிக் குடுத்துட்டு இட்டுனு போ."

நைனா பேனாவை எடுத்துவிட்டார். அவருக்கு ஸ்டேஷன் என்றால் பயம். தங்கை அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எழுதாத நைனா. ரூலை மீறுனது அண்ணன். அதுக்கு என் படிப்பு ஏன் நிக்கணும்?"

நைனா பேனாவை மூடி மேசையில் வைத்தார். "போட்டது போட்டதுதான் சார். பின்னால குந்துனவன் பேரை எழுதிக்கோங்க."

இன்று என் வயதுக்காரர்கள், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வண்டி வேண்டிக்கிடக்கிறது என்று டீக்கடையில் ஆரம்பித்தால் நான் விடுவதில்லை. எங்கள் வீட்டில் விதியை வரி விடாமல் படித்தவள் பதினாறு வயதுக்காரி. வண்டியை வாய்க்காலில் இறக்கியவன் பத்தொன்பது வயதுப் பெரிய மனிதன். அதனால் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்பேன். அவர்களும் பதிலுக்குத் திட்டுவார்கள்.

அன்று நைனாவை யாரும் உள்ளே வைக்கவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். தங்கை வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நானும் நைனாவும் பஸ்ஸுக்கு நின்றோம். அடுத்த மாதம் அவள் எட்டுப் போட்டுக் காட்டி முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். இரண்டு வருடமும் அந்த மொபெட்டிலேயே பொன்னேரி போய்வந்து பிளஸ் டூ முடித்தாள்.