கையுறை வளையமும் தேசிங்கு முடிச்சும்

எங்கள் தொழிலில் முதலில் பழக வேண்டியது மூக்கு. கை அப்புறம் தானாகப் பழகிவிடும். காலடிப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். கட்டி வந்து உட்கார முடியாமல் இதை நின்றுகொண்டே படிக்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஊசி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் முருகேசனுக்குத் தோளில் எலுமிச்சை அளவு சீழ்க்கட்டி. கம்பிக் கட்டைத் தூக்குகிற ஆள், கத்தியைப் பார்த்ததும் எங்கள் டாக்டரம்மா காலில் விழாத குறை. சரி என்று ஊசியால் உறிஞ்சி எடுத்தார். நாலாம் நாள் கட்டி ஆரஞ்சு அளவில் வந்து நின்றது.

"நீங்க உறிஞ்சனப்பறம்தான் சிஸ்டர் அதுக்குத் தெம்பே வந்துகீது!"

திரி

இந்த முறை மரத்துப்போக மருந்து போட்டு, கீறி, சீழை வெளியேற்றி, குழிக்குள் துணித்திரி அடைத்தோம். மறுநாள் உருவுகிறேன், உருவுகிறேன், வந்துகொண்டே இருக்கிறது. ஒரு மனிதத் தோளுக்குள் இவ்வளவு நீளமா என்று வாய் பிளந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய முருகேசன் கேட்டார்:

"இன்னா சிஸ்டர், மேஜிக் காட்றியா? அடுத்து புறா வருமா?"

வளையம்

தேசிங்கு விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். தொடையில் கட்டி. கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடித் தடைக்காலம் முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அன்றைக்குப் படகேறாவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள். டாக்டரம்மா புதுக் கையுறையின் விளிம்பை ரிப்பனாக வெட்டினார். கட்டியின் இரு ஓரமும் சின்னத் துளை போட்டு, ஒன்றில் நுழைத்து மற்றதில் இழுத்து, மேலே தொளதொளவென்று முடிந்தார். சீழ் தானாக வடியும், தினம் திரி உருவும் வேதனை இல்லை.

மூன்றாம் நாள் பார்த்தால் வளையம் தோலில் பதிந்து, வடிவது நின்று, தொடை சிவந்திருக்கிறது. "முடிச்சை யார் தொட்டது?" என்று தேசிங்கைக் கேட்டேன்.

"தொளதொளன்னு முடிச்சு போட்டா எங்க குப்பத்துல சிரிப்பாங்கோ சிஸ்டர். அதான் இறுக்கிட்டேன்."

டாக்டரம்மா அதை வெட்டிவிட்டுப் புதிதாக நுழைத்தார். ஈரத்தில் ரப்பர் வழுக்கி, இரண்டு தடவை போட்டும் முடிச்சு அவிழ்ந்தது. "குடும்மா" என்றார் தேசிங்கு. அவருக்கும் கையுறை மாட்டிவிட்டோம். வலை பின்னுகிற விரல்கள், இரண்டே சுற்று. இறுகவும் இல்லை, அவிழவும் இல்லை. சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. டாக்டரம்மா மீதி ரிப்பனில் அதைக் கட்டிக் கட்டிப் பழகினார்.

பத்தாம் நாள் வடிவது நின்று, வளையத்தை வெட்டி எடுத்தோம். தொடையில் மிச்சம் இரண்டு புள்ளி. தடை முடிந்த அன்று படகேறப் போகிற வழியில் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்து வர்றவனுக்கும் என் முடிச்சையே போடு டாக்டரம்மா. இறுக்காதடான்னு மட்டும் மொதல்லயே சொல்லிடு!"

அத்தனை வருஷம் படித்த டாக்டரம்மாவின் முடிச்சு வழுக்கிய இடத்தில் ஏழாவதோடு நின்ற தேசிங்கின் முடிச்சு நின்றது, நடுவில் கத்தரிக்கோலோடு நான் நின்றேன்.